பொட்டு வைக்கும் இடம்

2017-ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் உள்ள சிறிய அழகு நிலையத்தில், புருவத்துக்கு நூல் போட்டுக்கொள்வதற்காக உட்கார்ந்திருந்தேன். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வந்த கூட்டம் எங்கள் தெரு வரைக்கும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகளாக எனக்கு நூல் போடும் பெண், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி என் இடப் புருவத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்; வலப் புருவத்தையும் பார்த்தாள்; பிறகு நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, ஓரத்துல எடுக்கறதுக்கு முடியே இல்லியே, நீங்களே வீட்ல எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். நான் எடுக்கவில்லை. நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் முகத்தில், புருவத்தின் வால் இரண்டு பக்கமும் தேய்ந்து போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அப்போது எனக்கு ஐம்பது வயது; மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அந்தத் தீபாவளியிலிருந்து, என் நோயின் பெயரை ஒரு மருத்துவர் எனக்குச் சொன்ன 2019 ஜூலை வரைக்குமான ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை நான் இழந்தேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு முதற்காரணம் அந்த இரண்டு ஆண்டுகள்தாம். புருவம் உதிர்கிற இன்னொருவர் இதைப் படித்து, என்னைவிட விரைவாக ஒரு தோல் மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிறேன்.

முதலில் எங்கள் பகுதியிலுள்ள பொது மருத்துவரிடம் போனேன். புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு உதிர்வது தைராய்டு குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம் என்று சொல்லி அவர் டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது முறையான தொடக்கம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவு சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்றதும் நானும் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

அடுத்து வீட்டு வைத்தியம். என் நாத்தனார் பார்த்தவுடனே புழுவெட்டு என்றார். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தால் மூன்று மாதத்தில் வளரும் என்றார். தம் மகனுக்குத் தாடியில் வந்த புழுவெட்டு அப்படித்தான் சரியானது என்று உறுதியாகச் சொன்னார். காலையும் மாலையும் தேய்த்தேன். கண் எரிந்தது, நெற்றி சிவந்தது, முடி வளரவில்லை. புழுவெட்டு பெரும்பாலும் வட்டமாகத் தொடங்கி, பலருக்குத் தானாகவே திரும்ப முளைத்துவிடுகிற நோய் என்பதும், அப்படி முளைக்கிற காலத்தில் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தோமோ அதற்கே பெயர் போய்ச் சேருகிறது என்பதும் பின்னால்தான் எனக்கு விளங்கின. நாத்தனார் அக்கறையோடு சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் புருவத்தில் முடி போனால் அது புழுவெட்டுதான் என்று நாம் எல்லோரும் வைத்திருக்கும் முடிவு, என் போன்றவர்களுக்குப் பெருங்கேடாக முடிகிறது.

அதற்குள் நெற்றிப் பொட்டுகளிலும் காதோரத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்ந்திருந்தது. எல்லோரும் அதை மங்கு என்றார்கள். ஜாதிக்காயை அரைத்துப் பூசினேன். முன்கைகளில் இருந்த மெல்லிய உரோமம் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்திருந்ததையும் அந்தக் காலத்தில் ஒருநாள் பார்த்தேன். வயதாகிறது என்று எண்ணிக்கொண்டேன். உதிர்ந்த புருவம், முகத்தின் கருமை, கையின் வழவழப்பு ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்களாக இருக்கக்கூடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் மூன்றையும் சேர்த்துச் சொல்லவில்லை.

பிறகு, விளம்பரம் பார்த்து ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். தோலைக் கருவி வைத்துப் பார்க்காமல், சதைப் பரிசோதனை செய்யாமல், என் இரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் புருவத்தில் ஊசியாகப் போட்டார்கள். நான்கு முறை. நான்காவது முறை முடிந்தபின், இதற்கு முடி நடுதல்தான் வழி என்று சொல்லி ஒரு தொகையைத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார்கள். அந்தத் தொகை எங்களிடம் இல்லாமல் போனது என் நல்லூழ். உள்ளே நோய் எரிந்துகொண்டிருக்கும்போது முடியை நட்டால், நட்ட முடியையும் அந்த நோய் அழித்துவிடக்கூடும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

இதை எழுதத் தயங்கினேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். புருவம் உதிர்ந்த முகத்தைப் பார்த்தவுடன் நம் ஊரில் பலருக்கு ஒரு நோயின் பெயர் நினைவுக்கு வரும். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். குழாயடியில் ஒருநாள் என் குடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கையைக் கிள்ளிப் பார்த்தேன், நெற்றியைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. தொழுநோயில் புருவம் உதிர்வதுண்டு. ஆனால் அங்கே உணர்ச்சி குறைந்த தேமல்களும் தடித்த நரம்புகளும் போன்ற வேறு அடையாளங்கள் இருக்கும். அது கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகிற நோய். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற அளவை இந்தியா 2005-இல் எட்டியது. எனினும் இன்றும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் என்ற அளவில் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களிலிருந்து நீக்கிய சட்டத்திருத்தம் 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிவதற்கு இந்த நோயும் சட்டத்தில் ஒரு காரணமாக இருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு என் மகள் என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனாள். அங்கிருந்த மருத்துவர், அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், முதலில் பஞ்சை நூலாகத் திரித்து, என் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியிலும் கன்னத்திலும் கைகளிலும் மெல்லத் தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தொடுதலையும் சொன்னேன். முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். "அது இல்லைம்மா, பயப்படாதீங்க" என்றார். நான் வாய்திறந்து கேட்காத கேள்விக்கு அவர் விடை சொன்னார். அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி மிகப் பெரிது. அந்த நிம்மதியை நினைத்து நான் பின்னர் வெட்கப்பட்டதும் உண்மை. குணமாகிற ஒரு நோய் எனக்கு இல்லை என்று மகிழ்ந்து, குணமாகாத ஒரு நோயோடு நான் வீடு திரும்பினேன்.

தோலைப் பெருக்கிக் காட்டும் சிறிய கருவியை என் நெற்றியின் மேல் வைத்து, கைப்பேசித் திரையில் அவர் காட்டியது இன்றும் என் கண்முன் நிற்கிறது. நலமான தோலில் முடி வெளிவரும் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். என் முடியோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துளையே இல்லை. தந்தத்தைத் தேய்த்து வைத்தாற்போல வழவழவென்று வெளிறியிருந்தது. அதன் நடுவே ஒரே ஒரு முடி தனியே நின்றது. அதற்கு அப்பால், இன்னும் முடி இருக்கிற இடத்தில், ஒவ்வொரு முடியின் அடியைச் சுற்றியும் சிவப்பும் மெல்லிய செதிலும். "இந்தச் சிவப்பு இருக்கிற இடத்துலதான்மா நமக்கு வேலை. வெள்ளையா இருக்கிற இடத்துல ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். முடியோரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஒரு தையல், ஒரு வாரத்தில் பிரித்தார்கள். ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா என்று முடிவு வந்தது. நெற்றியோரத்து முடி தழும்பாகிப் பின்வாங்கும் நோய் என்று தமிழில் சொல்லலாம். முகத்தின் கருமை, இதனோடு சேர்ந்து வரக்கூடிய, தோலில் கருமை படரும் லைக்கன் பிளானஸ் பிக்மெண்டோசஸ் என்ற நோய் என்றார்கள். மங்கு இல்லை.

1994-இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கொசார்ட் மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் கண்டு எழுதிய நோய் இது. அதற்குப் பின் உலகெங்கும் கண்டறியப்பட்டு வருகிறது. இளம் பெண்களுக்கும், அரிதாக ஆண்களுக்கும் வருகிறது. பலருக்குத் தலைமுடி பின்வாங்குவதற்கு முன்பே புருவம் உதிரத் தொடங்குகிறது. எதனால் வருகிறது என்பது முழுமையாக நிறுவப்படவில்லை. மரபணுக்களுக்கும் இயக்குநீர்களுக்கும் பங்கிருப்பதாகத் தெரிகிறது. முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் முதலியவற்றோடு சில ஆய்வுகள் தொடர்பு கண்டிருந்தாலும் அவைதாம் காரணம் என்று யாரும் நிறுவவில்லை.

புழுவெட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் என் மாணவியருக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். வாழைமரத்தை வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் பக்கக்கன்று கிளம்பும். கிழங்கையே தோண்டி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதுவும் கிளம்பாது. நம் உடலின் தற்காப்பு அணுக்கள் புழுவெட்டில் முடிவேரின் அடிக்குமிழைத் தாக்குகின்றன. முடியைப் புதிதாகப் பிறப்பிக்கும் மூல அணுக்கள் இருக்கும் மேற்பகுதி தப்பிவிடுகிறது. ஆகவே மீண்டும் முளைக்க வாய்ப்புண்டு. என் நோயில் அதே அணுக்கள் அந்த மேற்பகுதியையே சூழ்ந்துகொண்டு அழிக்கின்றன. அழிந்த இடம் தழும்பாகிறது. எனவே இதில் மருத்துவம் என்பது போனதை மீட்பது அன்று, இருப்பதைக் காப்பது. நான் வெங்காயம் தேய்த்த மாதங்களிலும், இரத்த ஊசி போட்டுக்கொண்ட மாதங்களிலும், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் என் முடியோரம் பின்னே போய்க்கொண்டிருந்தது.

மருந்துகளைப் பற்றி நான் சொல்வது என் அனுபவம் மட்டுமே. யாருக்கும் பரிந்துரை அன்று. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பதால், 62 கிலோ எடையுள்ள எனக்கு ஒருநாள் 200 மில்லிகிராம், மறுநாள் 400 மில்லிகிராம். இந்த மாத்திரை நெடுநாள் உட்கொள்ளும்போது சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடக்கத்திலேயே கண் பரிசோதனை செய்தார்கள். ஐந்தாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நான் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். 1819-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் கட்டடங்களின் நிழலில் என் முறை வரும் வரை உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த காத்திருப்பு. முடியோரத்தில் பூசுவதற்கு டாக்ரோலிமஸ் களிம்பு. புருவத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. எலும்பின் மேல் சதையே இல்லாத இடம் என்பதால் ஒவ்வொரு குத்தும் தலைக்குள்ளே கேட்கும். அளவு மிகுந்தால் தோல் மெலிந்து குழிவிழும் என்பதால் மிக நீர்த்த மருந்தைத்தான் போட்டார்கள். மூக்கை ஒட்டிய உள்முனையில், தழும்பாகாமல் மீந்திருந்த இடத்தில், நான்காவது ஊசிக்குப் பின் வலப்பக்கம் பதினோரு முடிகள் முளைத்தன. எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கம் முளைக்கவில்லை.

2020 மார்ச்சில் ஒரு சோதனை வந்தது. கொரோனாவுக்கு முன்தடுப்பாக மருத்துவப் பணியாளர்களுக்கு இதே மாத்திரையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைத்ததும், ஊரெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. மார்ச் 26 அன்று அரசு அதனை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று ஹெச் 1 அட்டவணையில் சேர்த்தது; சேர்த்தது சரிதான். ஆனால் அதற்குள் கடைகளில் சரக்கு இல்லை. ஊரடங்கில் என் கணவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் கடை கடையாக நடந்தார். எனக்காவது போவது முடி. உடலின் தற்காப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கும் இதே மாத்திரைதான் உயிர்ப்பிடிப்பு. பதினெட்டு நாள் எனக்கு மாத்திரை கிடைக்கவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் நான் அவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புருவம் எதற்கு என்று அது இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. அழகுக்கு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மே மாதத்தில் காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடற்காற்று நின்றுபோய் உப்புப் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும் பிற்பகல்களில், நெற்றி வேர்வை தடுப்பார் இன்றி நேரே கண்ணுக்குள் இறங்கும். பூசிய களிம்பும் சேர்ந்து இறங்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நான் அழுகிறேன் என்று முதல் வரிசைப் பிள்ளைகள் எண்ணியதுண்டு. இப்போது மெல்லிய பருத்திக் கைக்குட்டைகள் நான்கு பையில் இருக்கின்றன. துடைக்காமல் ஒற்றி எடுப்பதற்குப் பழகிக்கொண்டேன், ஏனென்றால் துடைத்தால் வரைந்த புருவம் போய்விடும்.

புருவம் பேசுகிறது என்பதும் அது போன பிறகே தெரிந்தது. வியப்பாக ஒரு விடை சொன்ன மாணவியைப் பார்த்து நான் புருவத்தை உயர்த்துவேன். அவள் என் முகத்தில் எதையும் காணாமல் உட்கார்ந்துவிடுவாள். "மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். புருவத்தை வில்லுக்கு உவமை சொல்லும் செய்யுளை நடத்த வேண்டிய நாள் வந்தது. முந்தைய இரவு தூக்கம் வரவில்லை. வகுப்பில் அந்த அடியைப் படித்து, உவமையை விளக்கி, பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எனக்கு ஒரு தோல்நோய் இருக்கிறது, அதனால் புருவம் உதிர்ந்துவிட்டது, இது தொற்றாது, வலிக்காது, நான் வரைந்துகொண்டு வருகிறேன் என்று சொன்னேன். வகுப்பு முழுவதும் அமைதியாக இருந்தது. மணி அடித்தபின் ஒரு பெண் என் மேசைக்கு வந்து, தன் சட்டைக் கையை மேலே தூக்கி, முழங்கைக்கு மேல் இருந்த வெண்படையை எனக்கு மட்டும் காட்டிவிட்டுப் போனாள்.

வரைவதற்கு மகள்தான் கற்றுக்கொடுத்தாள். முதலில் நான் பென்சிலை எடுத்து ஒரே கோடாக இழுத்தேன். நாடக மேடை முகம்போல இருந்தது. அவள் என் கையைப் பிடித்து, "அம்மா, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி மூணு புள்ளி வச்சுக்கோ" என்றாள். பென்சிலை மூக்கின் பக்கவாட்டில் நேராக நிறுத்தினால் அது கண்ணின் உள்முனையைத் தொட்டு மேலே போகும் இடத்தில் ஒரு புள்ளி. நேரே பார்க்கும் கருவிழியின் வெளியோரத்துக்கு மேலே வளைவின் உச்சிக்கு ஒரு புள்ளி. மூக்கின் ஓரத்திலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்க்கும் இடத்தில் வாலுக்கு ஒரு புள்ளி. பிறகு முடி முளைக்கும் திசையிலேயே சின்னச் சின்னக் கீற்றுகள். உள்முனையில் மேல்நோக்கி, நடுவில் சாய்ந்து, வாலில் கீழே இறங்கி. கறுப்பைவிடக் காப்பிப்பொடி நிறம் என் முகத்துக்குப் பொருந்துகிறது. கீற்றுகளின் மேல் கொஞ்சம் பவுடரை ஒற்றினால் வேர்வைக்கு இரண்டு மணிநேரம் கூடுதலாகத் தாங்கும். இப்போது எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. பச்சை குத்துவதுபோல ஊசியால் நிறமேற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நோய் அடங்கி இரண்டாண்டாவது ஆகட்டும், குத்திய இடத்திலேயே நோய் கிளம்பலாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தலைச்சாயமும் வேண்டாம் என்றார். நரையை அப்படியே விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது பொட்டு. இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரல் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகள் கண்ணாடி பார்க்காமலே அங்கே குங்குமம் வைத்திருக்கிறேன். புருவங்கள் போனதும் அந்த இடம் தொலைந்துவிட்டது. சிலநாள் மிக மேலே வைத்தேன், சிலநாள் ஒருபக்கம் ஒதுங்கியது. திருவொற்றியூர்க் கோயிலில் வடிவுடையம்மன் சந்நிதியில் குங்குமம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், எதுவும் கேட்காமல், என் உள்ளங்கையிலிருந்தே எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு நகர்ந்தார். இப்போது மூக்குத்தண்டின் நேர்கோட்டை விரலால் தடவிக்கொண்டே மேலே போய், எலும்பு சற்றே மேடாகும் இடத்தில் வைக்கிறேன். ஒட்டும் பொட்டை விட்டுவிட்டேன். அதன் பசையிலுள்ள வேதிப்பொருளால் சிலருக்குத் தோல் வெளுத்துப்போவதுண்டு என்பதால் மருத்துவரும் அதைத் தவிர்க்கச் சொன்னார்.

என் கணவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். என் அழுகைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் தவித்தவர், மருத்துவர் ஒவ்வொரு முறையும் மூக்கின் மேல்மடிப்பிலிருந்து முடியோரம் வரை அளவெடுப்பதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஒரு இஞ்சி டேப்பும் கோடு போட்ட நோட்டும் வாங்கி வந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்தபின், சன்னல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து அளப்பார். கப்பல் சரக்கை எழுதிய அதே கையெழுத்தில் தேதி, அளவு, குறிப்பு என்று மூன்று பத்தியில் எழுதுவார். 2019 ஆகஸ்டில் 7.9 சென்டிமீட்டர். 2020-இல் மாத்திரை இல்லாத நாட்களுக்குப் பின் 8.2. அதற்கடுத்த ஆண்டு 8.4. அதன்பின் குறிப்புப் பத்தியில் 'மாற்றமில்லை' என்று தொடர்ந்து எழுதியிருக்கிறார். நேற்று முதல் ஞாயிறு. டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, 8.4 என்று எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.